காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா: ஒரு மின்விசிறியின் முழுக்கணக்கு

படுக்கையறை மின்விசிறி நின்றுபோனது. சுவிட்சைப் போட்டால் முனகல் மட்டும் வந்தது. கோலால் இறக்கையைத் தள்ளிவிட்டாலும் ஒரு சுற்றுக்கு மேல் நகரவில்லை. இரண்டரை மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை வாங்கி மாற்றிப் பார்த்தேன். அப்போதும் அதே முனகல்தான். கழற்றிக் கீழே வைத்ததும் எரிந்த வார்னிஷ் வாடை குப்பென்று வந்தது. காயில் (மோட்டாரின் கம்பிச்சுற்று) கட்டும் கடைக்காரர் மூடியைத் திறந்து ஒரு பார்வைதான் பார்த்தார். "காயில் போய்விட்டது தம்பி. 600 ரூபாய் ஆகும். செப்புக் கம்பியிலேயே கட்டித் தருகிறேன், இன்னும் பத்து வருடம் ஓடும்" என்றார். வீட்டிலோ, "பழையதற்கு எதற்குச் செலவு? புதிய பிஎல்டிசி விசிறி வாங்கினால் மின்சாரமும் மிச்சம், சுற்றுச்சூழலுக்கும் நல்லது" என்றார்கள். பிஎல்டிசி என்பது நிரந்தரக் காந்தமும் மின்னணு போர்டும் கொண்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார். இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "இருப்பதைத் தூக்கிப் போடாமல் ஓட்டுவதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்றார்.

இரண்டு தரப்பும் சுற்றுச்சூழலையே சாட்சிக்கு அழைத்துவிட்டதால், கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். ஒரு பொருளுக்கான தாதுவைத் தோண்டுவது முதல் உருக்குவது, செய்வது, கொண்டுவருவது, பயன்படுத்துவது, கடைசியில் காயலான் கடைக்குப் போவது வரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் முறைக்கு ஆயுட்சுழற்சி மதிப்பீடு என்று பெயர். 1969இல் அமெரிக்காவில் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தை எதில் அடைத்தால் வளங்கள் குறைவாகச் செலவாகும் என்று ஓர் ஆய்வு நிறுவனத்திடம் கேட்டதை இந்த முறையின் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்ற தரங்கள் இதற்கான விதிகளை வகுத்திருக்கின்றன. ஓபன்எல்சிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு விசிறிக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டாம்; ஒரு தராசு, ஒரு வாட் மீட்டர், ஒரு காந்தம், நாலு முழுத்தாள் போதும்.

முதலில் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை எழுதிவைக்க வேண்டும். 'பழைய விசிறி, புதிய விசிறி' என்று எழுதினால் கணக்கு உருப்படாது. விசிறி நமக்குச் செய்யும் வேலையைத்தான் எழுத வேண்டும். நான் எழுதியது இது: ஒரு படுக்கையறைக்கு, 1200 மில்லிமீட்டர் விசிறியின் காற்று, ஆண்டுக்கு 3,000 மணி நேரம், 10 ஆண்டுகளுக்கு. குளிர் மாதங்களை விட்டுவிட்டு, இரவும் மதிய ஓய்வும் சேர்த்து நாளுக்கு 10 மணி நேரம் என்று வைத்தால் 3,000 வந்துவிடுகிறது. இந்த ஒரு வரியை எழுதாமல் போடும் ஒப்பீடுகள்தான் விளம்பரங்களில் அதிகம் வருகின்றன.

பிறகு பிரித்தேன். மூன்று இறக்கைகளையும் கழற்றிக் காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டவில்லை, அலுமினியத் தகடு. இறக்கையை மோட்டாரோடு பிணைக்கும் மூன்று கைகளும் மேலே மாட்டும் ராடும் இரும்பு. மோட்டாரின் மேல்மூடியும் கீழ்மூடியும் வார்ப்பு அலுமினியம். மூடிகளைச் சுற்றியுள்ள திருகுகள் துருவேறி இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் கழற்ற முடிந்தது. மூடியைத் தூக்கினால் நடுவில் ஸ்டேட்டர், அதைச் சுற்றி ரோட்டர் வளையம். ஸ்டேட்டர் என்பது மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி அழுத்திய கட்டை. அதன் காடிகளுக்குள்தான் கம்பிச்சுற்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் சுற்று கருகி, காகிதக் காப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கம்பி செம்பா அலுமினியமா என்று பார்க்க, கருகாத இடத்தில் பிளேடால் எனாமலைச் சுரண்டினேன். சிவப்பாக மின்னியது. மலிவான விசிறிகள் பலவற்றில் இப்போது அலுமினியக் கம்பிதான் வருகிறது. சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். உளியால் சுற்றின் ஒரு முனையை வெட்டி, மறுமுனையிலிருந்து குறடால் கொத்துக்கொத்தாக இழுத்தெடுத்தேன். செம்பை எடுக்க மோட்டாரைத் தீயில் போடுகிறவர்கள் உண்டு. வார்னிஷும் பிளாஸ்டிக் உறையும் எரியும் அந்தப் புகை, இந்த முழுத்தாளில் நான் எழுதப்போகும் எந்த எண்ணையும் விட மோசமானது. அதைச் செய்யாதீர்கள்.

சமையலறைத் தராசில் வந்த எடைகள்: இறக்கைகள் 660 கிராம், இரண்டு மூடிகளும் சேர்ந்து 820, ரோட்டர் 700 (அதில் சுமார் 140 கிராம் அலுமினியம் என்று கொண்டேன்), ஸ்டேட்டர் தகடுகள் 900, செம்பு 290, ஷாஃப்ட்டும் இரண்டு பேரிங்குகளும் 300, ராடு, இறக்கைக் கைகள், கிளாம்ப், போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 880, பிளாஸ்டிக் கப்பு, கண்டன்சர், ஒயர் 150. மொத்தம் 4 கிலோ 700 கிராம்.

இனி ஒவ்வொன்றையும் செய்ய எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று பார்க்க வேண்டும். எஃகுக்கு இந்தியச் சராசரி, கிலோவுக்குச் சுமார் 2.5 கிலோ. செம்புக்கு 4 கிலோவை ஒட்டி. இதிலெல்லாம் பெரிய சண்டை இல்லை. சண்டை முழுவதும் அலுமினியத்தில்தான். பாக்சைட் தாதுவைச் சுத்திகரித்துக் கிடைக்கும் அலுமினாவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒடிசாவின் அங்குல், ஜார்சுகுடா, சத்தீஸ்கரின் கோர்பா போன்ற இடங்களில் உள்ள உருக்காலைகள் பெரும்பாலும் சொந்த நிலக்கரி மின்நிலையங்களில்தான் ஓடுகின்றன. நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ என்று வைத்தால், மின்சாரத்துக்கே 14 கிலோ. மின்பகுப்பில் கரி மின்வாய் எரிவதால் இன்னொரு ஒன்றரை கிலோ. அதற்கு முன்னால் பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் செலவு. கூட்டினால் கிலோவுக்கு 20 கிலோவை ஒட்டி வந்து நிற்கிறது. பழைய அலுமினியத்தை உருக்கித் திரும்பச் செய்தாலோ, புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும்.

என் விசிறியின் மூடிகள் வார்ப்பு. வார்ப்புக்குப் பெரும்பாலும் பழைய அலுமினியத்தைத்தான் உருக்குவார்கள். அப்படியானால் 820 கிராமுக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். புது அலுமினியம் என்றால் 16 கிலோ. ஒரே மூடி, ஆனால் 16 மடங்கு வித்தியாசம்! எனவே ஒற்றை எண் எழுதுவதை விட்டு, இரண்டு எல்லைகளை எழுதினேன். கீழ் எல்லை 23 கிலோ, மேல் எல்லை 41 கிலோ. தொழிற்சாலைச் செலவும் போக்குவரத்தும் சேர்த்து 25 முதல் 45 என்று விரித்துவைத்துக்கொண்டேன். லாரியில் வரும் செலவைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். ஐந்து கிலோ பொருளுக்கு அது இந்த இடைவெளிக்குள்ளேயே மறைந்துவிடுகிறது.

அடுத்து மின்சாரம். எரிந்த விசிறியை அளக்க முடியாது. ஆனால் அதனுடன் ஒரே நாளில் வாங்கிய அதே ரகம் மாடியறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, அதன் இணைப்பை வாட் மீட்டர் வழியாகக் கொடுத்தேன். ரெகுலேட்டர் 5இல் 74 வாட், 3இல் 47. தங்கை வீட்டில் உள்ள பிஎல்டிசி விசிறியில் முழு வேகத்தில் 29 வாட், 3இல் 11. நாங்கள் இரவின் முதல் பாதியில் 5லும் விடியற்காலையில் 3லும் வைப்போம் என்பதால், பழையதற்குச் சராசரி 60, புதியதற்கு 20 என்று எடுத்தேன். பெட்டியின் மேல் போட்டிருக்கும் முழுவேக எண்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மிச்சம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 2023 ஜனவரி 1 முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால், வாட் எண்ணோடு எவ்வளவு காற்று தள்ளும் என்ற எண்ணும் முத்திரையில் இருக்கும். அதையும் பாருங்கள். வாட் குறைந்து காற்றும் குறைந்தால் ஒப்பீடே பொய்.

மத்திய மின்சார ஆணையம் 2023-24க்குக் கொடுத்துள்ள இந்தியச் சராசரி, யூனிட்டுக்கு 0.727 கிலோ கரியமில வாயு. இதை வைத்துப் பெருக்கினால், பழைய விசிறி பத்து ஆண்டுகளில் 1,800 யூனிட் தின்று 1,309 கிலோ வெளியிடும். புதியது 600 யூனிட், 436 கிலோ. வித்தியாசம் ஆண்டுக்கு 87 கிலோ. புதிய விசிறியைச் செய்யவும் பழையதைப் போலவே ஆகும் என்று வைத்துக்கொண்டால், செய்வதற்கான செலவு அதிகபட்சம் 45 கிலோ. அதாவது புது விசிறி தான் பிறந்ததற்கான கடனை ஆறேழு மாதங்களில் அடைத்துவிடுகிறது. காயில் கட்டினால் செம்பு, வார்னிஷ், அடுப்புச் சூடு எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ அளவுதான் ஆகும். ஆனால் ஆண்டுதோறும் 87 கிலோ கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டும்போது கம்பியின் கனம் குறைந்தாலோ, பழைய சுற்றை எரித்தெடுத்துத் தகடுகளின் காப்பு கெட்டாலோ, முன்பைவிட அதிக மின்சாரம் இழுக்கும் என்பது தனி.

இந்த 0.727 குறைவான மதிப்பீடு என்றுதான் சொல்ல வேண்டும். மின்நிலையத்தில் எரிவதை மட்டுமே அது கணக்கில் எடுக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கசியும் மீத்தேன், ரயிலில் நிலக்கரி வரும் செலவு, கம்பியில் வரும்போது ஏற்படும் இழப்பு எதுவும் இதில் இல்லை. மேலும் என் விசிறி ஓடுவது பெரும்பாலும் இரவில். சூரிய மின்சாரம் இல்லாத நேரம். மறுபக்கம், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது தமிழ்நாட்டின் மின்தொகுப்பில் காற்றாலையின் பங்கு வெகுவாக உயர்கிறது. நல்ல வேளை, இந்த விவாதம் முடிவை அசைப்பதில்லை. யூனிட்டுக்கான எண்ணைப் பாதியாகக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன்; கடன் அடைய ஓராண்டு ஆகிறது, அவ்வளவுதான்.

முடிவை அசைப்பது வேறொன்று: மணி நேரம். இதே தாளில் மாடியறை விசிறியையும் போட்டுப் பார்த்தேன். அது விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும், ஆண்டுக்கு 100 மணி நேரம் இருக்கலாம். அங்கே பிஎல்டிசி மாட்டினால் மிச்சமாவது 4 யூனிட், மூன்று கிலோவுக்கும் குறைவு. 45 கிலோ கடனை அடைக்க 15 ஆண்டுகள். மேல் எல்லையை வைத்துப் பார்த்தால், ஆண்டுக்குச் சுமார் 155 மணி நேரத்துக்கு மேல் ஓடும் இடத்தில்தான் பத்து ஆண்டுகளுக்குள் மாற்றம் லாபம். அதற்குக் கீழே என்றால் காயில் கட்டுவதே சரி. ஆக, கடைக்காரர் சொன்னதும் வீட்டில் சொன்னதும் இரண்டுமே சரிதான், வேறு வேறு அறைகளுக்கு. படுக்கையறைக்குப் புதியது வாங்கினேன். மாடியறை விசிறிக்கு 6202 பேரிங் மட்டும் மாற்றி, தூசு துடைத்து அப்படியே விட்டுவிட்டேன். பேரிங்கை இழுத்தெடுக்கும் கருவி என்னிடம் இல்லாததால் அதே கடைக்காரரிடம்தான் போனேன். கணக்கைச் சொன்னதும், "அப்படியென்றால் மாடியறை விசிறிகளை எல்லாம் என்னிடம் அனுப்புங்கள்" என்றார்.

எரிந்த விசிறியைக் கேட்டு ஒரு சொந்தக்காரர் வந்தார். காயில் கட்டி மாட்டுக் கொட்டகையில் இரவெல்லாம் ஓட்டப் போகிறாராம். கொடுத்திருந்தால் என் வீட்டில் மிச்சமானது அங்கே போய்ச் செலவாகியிருக்கும். நான் இதைச் சொல்ல, அவர் என்னைக் கருமி என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் உலோகம் எல்லாம் பிரித்து வைத்தாயிற்று. பழைய இரும்புக் கடையில் செம்பு, அலுமினியம், இரும்பு என்று தனித்தனியே எடைபோட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்த அலுமினியம் மறுபடி உருகிப் பயன்படும் என்பதால், பழைய விசிறியின் கணக்கில் ஒரு வரவு எழுத ஆசை வரும். எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால், புதிய விசிறியின் மூடியை 'பழைய அலுமினியம், செலவு ஒரு கிலோதான்' என்று எழுதக் கூடாது. ஒரே உலோகத்துக்குக் கொடுத்தவரும் எடுத்தவரும் வரவு வைத்தால் அது இரட்டை வரவு. நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான். நான் வரவே எழுதவில்லை. பழையது காயலான் கடையோடு முடிந்தது, உருக்கும் செலவு அடுத்து வாங்குகிறவர் கணக்கில்.

கரியமில வாயு மட்டுமே கணக்கு என்று நினைத்தால் ஐ.எஸ்.ஓ. விதிப்படியே அது அரைகுறை. நீர், மண், நச்சு, அமில மழை எல்லாம் தனித்தனித் தலைப்புகள். ஒரு டன் அலுமினாவுக்கு ஒரு டன்னுக்குக் குறையாமல் சிவப்புக் காரச்சேறு மிஞ்சுகிறது. இது எங்கோ ஒடிசாவில் நடப்பதும் அல்ல. மேட்டூரில் அலுமினிய உருக்காலை இருந்தது. அதற்கு ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டினார்கள். உருக்குவது 2008இல் நின்றுவிட்டது. சேற்றுக் குட்டை அதோடு போய்விடவில்லை. செம்பு என்றால் தூத்துக்குடி. 2018 மே 22, 23 தேதிகளில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, அந்த மாதமே அங்குள்ள உருக்காலை மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு இந்தியா செம்பை ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. என் 290 கிராம் செம்பு இனி வேறொரு நாட்டு ஊர்க்காரர்களின் மூச்சில் கணக்காகும். கிலோவுக்கு 4 என்ற எண்ணில் இது எதுவும் தெரிவதில்லை. புதிய விசிறியில் செம்பும் எஃகும் குறைவு. அதற்குப் பதில் நிரந்தரக் காந்தமும் மின்னணு போர்டும் வந்து சேர்கின்றன. கரிக் கணக்கில் தெளிவாக வென்றது, நச்சுக் கணக்கில் அப்படித் தெளிவாக வெல்லவில்லை.

போர்டுதான் என் ஒரே மனக்குறை. பழைய விசிறியில் கெட்டுப்போவது கண்டன்சர், பேரிங், காயில். மூன்றையும் தெருமுனையில் சரிசெய்யலாம். பிஎல்டிசியில் மின்னழுத்தம் எகிறி போர்டு போனால், அந்த நிறுவனத்தின் போர்டே வேண்டும். ரகம் நின்றுவிட்டால் விசிறியும் முடிந்தது. நாலு ஆண்டுக்கு ஒன்று கெட்டு முழு விசிறியையே மாற்றினாலும் படுக்கையறைக் கணக்கில் புதியதே வெல்கிறது. வெல்வதற்காக அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. வாங்கும்போது போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு, பதில் சொன்ன கடையில் வாங்கினேன்.

கை பழகிவிட்டதால் மேசை கிரைண்டரையும் தாளில் ஏற்றினேன். பெல்ட் தேய்ந்து, மாவு கெட்டியானால் கல் நின்றுவிடுகிறது. புதிது வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. 150 வாட் என்று ஒட்டியிருக்கிறது, அரைக்கும்போது 140ஐச் சுற்றி ஓடுகிறது. வாரம் இரண்டு முறை, முறைக்கு அரை மணிக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 9 யூனிட்கூட ஆகவில்லை. கரியமில வாயு 6 கிலோ. எவர்சில்வர் டிரம், மோட்டார், பிளாஸ்டிக் உடல், கல் எல்லாம் சேர்த்து இதைச் செய்ய 20 முதல் 30 கிலோ ஆகியிருக்கும். மின்சாரமே குடிக்காத கிரைண்டர் ஒன்று வந்தாலும் அதன் கடன் அடைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். விவாதத்துக்கே இடமில்லை, பெல்ட் மாற்றினேன், கல்லைக் கொத்தக் கொடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், அதில் ஓராண்டில் அரைபடும் நூறு கிலோ அரிசி வயலில் நீர் தேங்கி விளையும்போது வெளியிட்ட மீத்தேன், கரியமில வாயுக் கணக்கில் கிரைண்டரின் இந்த 6 கிலோவைவிடப் பல மடங்கு. எல்லைக்கோட்டைக் கிரைண்டரைச் சுற்றிப் போடுகிறோமா, இட்லியைச் சுற்றிப் போடுகிறோமா என்பதைப் பொறுத்து முழுத்தாளின் தலைப்பே மாறிவிடுகிறது.

ஏசியைப் போட்டபோது மூன்றாவது விதமான விடை வந்தது. பழைய ஏசி ஒன்றில் ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு சுமார் ஒரு கிலோ இருக்கும். நூறாண்டுக் கணக்கில் ஆர்-22 கரியமில வாயுவைவிட 1,810 மடங்கு வெப்பம் பிடிப்பது. வீடு மாறும்போது கழற்றுகிறவர் வால்வைத் திறந்து 'புஸ்' என்று வெளியே விட்டால், என் பழைய விசிறி பத்து ஆண்டுகள் ஓடி வெளியிட்டிருக்கக்கூடியதைவிட அதிகமாக, ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது. புதிய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 வாயுவுக்கு இந்த எண் 675தான். எந்த வாயு என்று ஏசியின் பக்கவாட்டுத் தகட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆகவே ஏசியைக் கழற்ற ஆள் வரும்போது, முதலில் ஏசியை ஓடவிட்டு, திரவக் குழாயின் வால்வை மூடி, வாயுவை வெளியிலுள்ள கம்ப்ரசர் பெட்டிக்குள் இழுத்து, மற்ற வால்வையும் மூடிவிட்டுப் பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். கம்ப்ரசர் ஓடும் நிலையில் இருந்தால் அதற்குச் சில நிமிடங்களே ஆகும். கூலி கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.